உப்புப் பல்

ஆண்டியப்பனின் நாக்கைப் பற்றிப் பேசாத வாய் காரைக்குடி வட்டாரத்தில் கிடையாது. பேசியதில் பாதி உண்மை, மீதி அவரே கிளப்பிவிட்டது. ஊர் உலகமெல்லாம் இயந்திர அடுப்புக்கு மாறிவிட்ட காலம் இது. அரிசி பருப்பை ஒரு பக்கம் கொட்டினால் மறுபக்கம் சாம்பார் சாதமாய் வந்து விழும். உப்பு, புளி, காரத்தையெல்லாம் கருவியே பார்த்துக்கொள்ளும். ருசியிலும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பாருங்கள், வீட்டில் ஒரு விசேஷம் என்று வந்துவிட்டால் மனிதனுக்கு மனிதன் சமைத்ததுதான் வேண்டியிருக்கிறது. வசதி உள்ளவர்கள் 'நாக்குச் சமையல்' என்று தேடிக்கொண்டு வருவார்கள். கருவி எதுவும் தொடாமல், ஓர் ஆள் தன் நாக்கில் விட்டுப் பார்த்து இறக்குகிற சமையல். அந்தத் தொழிலில் இந்தப் பக்கத்துக்கு ஆண்டியப்பன்தான் ராஜா.

ராஜா என்றால் கர்வம் இல்லாமல் இருக்குமா? இலை போட்டதும் ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பது நம் வழக்கம். பந்தி எழுந்ததும் ஆண்டியப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எச்சில் இலைகளுக்கு நடுவே ஒரு நடை போவார். அந்த உப்பு வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும். "அது சாமிக்கு வச்ச உப்பு. மனுசன் தொட்டுட்டான்னா நான் அடுப்புப் பத்த வைக்கிறத விட்டுர்றேன்" என்பார். சமையல்காரர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். பழைய கூட்டாளி ஒருவர் உப்பு அளக்கிற கருவியான உப்புமானியைச் சாம்பாரில் நனைத்துப் பார்த்துவிட்டார் என்று சங்கத்தை விட்டே தூக்கியவர். "மெசினு நாக்குக்கு மெசினு கூலி வாங்கிக்கிட்டுப் போகட்டும்" என்று நக்கல் வேறு.

இப்பேர்ப்பட்டவருக்குப் பிரஷர் இருந்தது. நேற்று இன்று வந்ததில்லை, வெகுநாள் கூட்டாளி. தலை வலித்தால் மாத்திரை போடுவார், வலிக்காவிட்டால் பிரஷர் இல்லை என்று அவரே முடிவு செய்துகொள்வார். அப்படி முடிவு செய்த ஒரு மதியம், வெங்காயம் நறுக்குகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தபோது, மனைவியின் கண்முன்னாலேயே வாய் ஒரு பக்கமாய்க் கோணிப் பேச்சுக் குழறியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் தானாகச் சரியாகிவிட்டது. "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்று எழுந்து வேட்டியைக் கட்டினார். டாக்டர் கிளாரா உட்கார வைத்துவிட்டார்.

"ஒண்ணுமில்லைன்னு யாரு சொன்னா? மூளைக்குப் போற குழாய்ல கொஞ்ச நேரம் அடைச்சுத் தொறந்திருக்கு. அடுத்த தடவ தொறக்காமப் போகலாம்."

"எனக்கு ஒரு வலியும் இல்லையே டாக்டரம்மா."

"இருக்காது. அதுதான் இதோட குணம். உங்க குக்கரு விசில் அடிச்சுச் சொல்லும், ரத்தக் குழாய் சொல்லாது. உள்ள அழுத்தம் கூடக் கூட, குழாய் மொறமொறன்னு வெறைச்சுப் போகும். அந்த அழுத்தத்த எதுத்துத் தள்ளித் தள்ளி இருதயத்துச் சதை தடிச்சுப் போகும். கிட்னி நல்லா மெல்லிசான சல்லடை மாதிரி. அது கிழியும். கண்ணுக்குள்ள ரத்த நரம்பு கசியும். இவ்வளவும் நடக்கும்போது நீங்க நல்லா சிரிச்சுக்கிட்டு இருப்பீங்க. உங்க கிட்னி இப்பவே கொஞ்சம் போயிருச்சு. மாத்திரையத் தெனம் போடணும். உப்ப முக்கால்வாசி நிறுத்தணும்."

மாத்திரைக்கு ஆண்டியப்பன் தலையை ஆட்டினார். உப்புக்கு ஆட்டவில்லை. அவர் மனைவி பொன்னழகு உப்பைக் குறைத்து வைத்த முதல் சோற்றைத் தட்டோடு சுவரில் அடித்தார். இரண்டாம் நாள் கொல்லையில் கொட்டினார். மூன்றாம் நாள் பக்கத்து மெஸ்ஸுக்குப் போய்விட்டார். அந்தம்மாள் அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று பழமொழியையே மனைவி பக்கம் எறிந்தார் மனுசன்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் அவர் அதிசயம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து, அதற்கு டாக்டரம்மா ஆஸ்பத்திரியிலேயே கேப் மாட்டினார்கள். அந்த வாரத்தோடு பொன்னழகு மனம் திருந்தி, பழையபடி உப்பு உறைப்பாய்ச் சமைக்க ஆரம்பித்தாள். அவர் தினமும் வெறும் வயிற்றில் சின்ன வெங்காயம் தின்ன ஆரம்பித்ததும் அப்போதுதான். பிரஷர் மளமளவென்று இறங்கியது. மாத்திரையை விடவில்லை என்றாலும் பெருமையெல்லாம் வெங்காயத்துக்குத்தான். "உப்பும் தின்னுக்கிட்டு பிரஷரையும் எறக்கிட்டேன்ல" என்று நாலு பேர் கூடிய இடத்திலெல்லாம் நெஞ்சை நிமிர்த்துவார். விசேஷத்துக்குப் போனாலும் பொன்னழகு தூக்குச்சட்டியில் கட்டிக்கொடுப்பதைத்தான் தின்றார், வெளியில் சாப்பிடுவதில்லை. இப்படி மூன்று வருஷம் ஓடியது.

அன்றைக்கு நாச்சியப்பன் வீட்டு அறுபதாம் கல்யாணம். பெரிய வீடு, பெரிய கூட்டம். ஆண்டியப்பனுக்கு வலது கை அவருடைய மச்சினன் சேவுகன், பொன்னழகின் தம்பி. எந்த விசேஷத்துக்கும் சேவுகன் இல்லாமல் அவர் போனதில்லை. அன்று விடியும்போதே சேவுகனுக்கு மதுரையிலிருந்து போன் வந்துவிட்டது, மகளுக்கு வலி எடுத்துவிட்டது என்று. பேரப்பிள்ளை வருகிற நேரத்தில் அடுப்படியில் நிற்கச் சொல்ல முடியுமா?

"போயிட்டு வா மாப்ளே, நான் பாத்துக்கிறேன்" என்றார் ஆண்டியப்பன்.

சேவுகன் போகாமல் நின்றான். "மச்சான், உப்பு மட்டும் பேச்சியம்மாள ஒரு வாய் பாக்கச் சொல்லுங்க."

"யாரு? காய் நறுக்குற பேச்சியா? போடா, போயி புள்ளையப் பாரு."

சமையல் முடிந்தது. சாம்பார், வெண்டைக்காய் மண்டி, கூட்டு, ரசம் என்று ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். எல்லாம் நறுக்கென்று இருந்தது. பிறகு வழக்கப்படி குளிக்கப் போனார். சமையல் இறங்கியதும் குளித்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து பந்தி முகப்பில் நிற்பது அவருடைய முறை. எண்ணெய்ப் பிசுக்கோடு விருந்தாளி முன்னால் நிற்கமாட்டார்.

திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றபோது முதல் பந்தி பாதி ஆகியிருந்தது. வழக்கமாக அந்த நேரம் ஒரு இரைச்சல் இருக்கும். சாம்பார் கொண்டா, மண்டி இந்தப் பக்கம் என்று கூப்பாடு போடுவார்கள். அன்றைக்கும் கூப்பாடு இருந்தது. என்ன கூப்பாடு என்று காது கொடுத்துக் கேட்டார்.

"தம்பி, உப்பு."

"இந்தப் பக்கம் கொஞ்சம் உப்பு வைப்பா."

உப்புக் கிண்ணத்தோடு பரிமாறுகிறவன் ஓடிக்கொண்டிருந்தான். ஆண்டியப்பன் இலைகளைப் பார்த்தார். ஓரம் துடைத்து விட்டாற்போல் இருந்தது. ஒருவர் இரண்டாம் தடவை வைத்த உப்பையும் வழித்துச் சாம்பாரில் பிசைந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரர் நாச்சியப்பன் மாலையும் கழுத்துமாய் வந்தார். நல்ல மனுசன், சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"மாஸ்டர், எனக்கு அறுபதுதானே ஆகுது? ஆஸ்பத்திரியில படுக்கப் போட்ட மாதிரி பத்தியச் சாப்பாடு போட்டுட்டீங்களே."

ஆண்டியப்பன் விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய்ச் சாம்பாரை மறுபடி கையில் விட்டுப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. உப்பு துல்லியமாய் இருந்தது. இவனுகளுக்கு என்ன கேடு வந்தது, யாராவது வேண்டுமென்றே கிளப்பிவிடுகிறானா என்று தோன்றியது. பேச்சியம்மாளைக் கூப்பிட்டுக் கரண்டியை நீட்டினார்.

"குடிச்சுப் பாத்துச் சொல்லு."

அவள் ஒரு வாய் குடித்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். "சப்புன்னு இருக்குண்ணே."

"இத்தன நாளும் இப்பிடியா இருந்துச்சு?"

"இத்தன நாளும் நீங்க குளிக்கப் போனதும் சேவுகண்ணே உப்புத் தண்ணி ஊத்தும்ல. இன்னிக்கு அது இல்ல. நீங்க வஞ்சிருவீகன்னு நாங்க யாரும் தொடல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டார்கள். தேங்காய் துருவுகிறவள், விறகு தள்ளுகிறவன், பாத்திரம் கழுவுகிறவள், எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அத்தனை பேர் முகத்திலும் அது எழுதி ஒட்டியிருந்தது. தெரியாத ஒரே ஆள் தலைமைச் சமையல்காரர்.

பேச்சியம்மாளே உப்பைக் கரைத்து ஊற்றி அடுத்த பந்தியைக் காப்பாற்றினாள். ஆண்டியப்பன் பின்கட்டுக்குப் போய்ச் சேவுகனுக்குப் போன் போட்டார்.

"பேரன் மச்சான்" என்றான் சேவுகன் எடுத்த எடுப்பிலேயே.

"நல்லது. எத்தன நாளா எஞ்சட்டியில உப்பு ஊத்துற?"

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும் கேட்டது.

"மூணு வருசமா மச்சான்."

"மூணு வருசமா ஊரு மெச்சுனது எஞ்சமையல இல்ல. அப்பிடித்தான?"

"சமையல் உங்களுதுதான். உப்பு மட்டும்..."

"உப்பு மட்டுமா? ஏண்டா, உப்ப விட்டா சமையல்ல என்னடா இருக்கு? எங்கூடவே தின்னு எங்கூடவே படுத்து எழுந்து, எம்முதுகுக்குப் பின்னாடி சிரிச்சியா?"

"சிரிக்கல மச்சான்" என்றான் சேவுகன். "மூணு வருசம் உங்க பேருக்கு நான் நாக்க நீட்டுனேன். எம்பேர ஒருத்தன் சொல்லிருப்பானா? நான் கேட்டனா? எதுனாலும் அக்காட்டக் கேளுங்க."

பொன்னழகு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். புருஷன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்ததைப் பார்த்ததுமே கீரையை ஒதுக்கி வைத்தாள். தம்பி போன் பண்ணியிருக்க வேண்டும்.

"எனக்கு என்னடி பண்ணுன?"

அவள் சுற்றி வளைக்கவில்லை. "பல்லு உடைஞ்சப்ப மாட்டுன கேப்பு சாதாரணக் கேப்பு இல்ல. உப்புப் பல்லு. அதுல ஒரு பொட்டு மின்சாரம் இருக்கும். சோத்துல உப்புக் கம்மியா இருந்தா அது நாக்குல லேசாச் சுண்டும். நாக்கு, உப்பு இருக்குன்னு நெனச்சுக்கிரும். அன்னையிலேருந்து இந்த வீட்டுல உப்புப் போட்டு நான் சமைக்கல. பேருக்கு ஒரு கல்லு, அம்புட்டுத்தான்."

ஆண்டியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்தக் கருவியையும் அடுப்படி வாசலில் நிற்க விடாதவர். அது அவர் வாய்க்குள் குடியிருந்து, அவர் நாக்கிலேயே அவரை ஏமாற்றியிருக்கிறது. அதைக் கொண்டுவந்து வைத்தவள் வேறு யாருமில்லை.

"என்னையக் கேட்டியா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா மாட்டேன்னுருப்பீங்க. பேரு வேணுமா உசுரு வேணுமான்னா பேருதான்னு சொல்ற ஆளு நீங்க. எனக்கு ஆளுதான் வேண்டியிருந்துச்சு. வாய் கோணி நின்னீங்களே, அன்னிக்கு எம்பேரு உங்க வாயில வரல. பொ, பொன்னு நின்னுபோச்சு. அத நான் பாத்தேன், நீங்க பாக்கல."

"அதுக்காக? பேரா உசுரான்னு நாஞ் சொல்லணும்டி. என் நாக்க அடகு வைக்க நீ யாரு? நான் சமைக்கிற ஒவ்வொரு சட்டியிலயும் பொய்யி. சங்கத்துல ஒருத்தன உப்புமானிக்காகத் தூக்கி எறிஞ்சேன், நான் வாய்க்குள்ள மெசினு வச்சுக்கிட்டு. உப்பிட்டவர உள்ளளவும் நினைன்னுதான் கேட்டிருக்கேன். நீ உப்பு இடாமலே கழுத்த அறுத்துட்டியே."

ஆண்டியப்பன் எழுந்தார். "இதப் புடுங்கி எறிஞ்சுட்டுத்தான் மறுவேலை. உங்கையால இனி ஒரு வாய் தின்னேன்னா ஏன்னு கேளு" என்றவர் படி இறங்கிப் போய்விட்டார்.

டாக்டர் கிளாரா சாயங்கால நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டியப்பன் யாரையும் கேட்காமல் உள்ளே போய், வாயைத் திறந்து பல்லைக் காட்டினார்.

"இத இப்பவே கழட்டுங்க."

டாக்டரம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "உங்களுக்குத் தெரியாதா? உங்க சம்மதத்தோடதான்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. அவரு கூச்சப்படுவாரு, அவருகிட்ட இதப் பத்திப் பேச வேணாம்னாங்க. நானும் விட்டுட்டேன். உங்ககிட்ட நேரா ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்காதது எந்தப்பு."

"தப்ப யாரு கேட்டா? கழட்டுங்க. எனக்கு எந்நாக்கு வேணும்."

"கழட்டலாம். ஆனா கழட்டியும் பிரயோசனமில்ல." டாக்டரம்மா தயங்கினார். "அந்தக் கேப்பு எப்பவோ அடங்கிப்போச்சு. அதச் செஞ்சதே அப்பிடித்தான். மொத கொஞ்ச மாசம் நல்லா வேல செய்யும். அப்பறம் கொஞ்சங்கொஞ்சமாக் கொறைச்சுக்கிட்டே வரும். ஒரு வருசத்துல நின்னுரும். இப்ப உங்க வாயில இருக்குறது வெறும் பல்லு."

"அப்ப இன்னிக்குக் காலையில சாம்பார்ல எனக்கு உப்புத் தெரிஞ்சுச்சே?"

"தெரிஞ்சது உங்க நாக்குக்கு. நெசமாவே தெரிஞ்சுச்சு. உப்பக் கொறைச்சுச் சாப்பிட்டு வந்தா ரெண்டு மூணு மாசத்துல நாக்கு பழகிரும். கொஞ்ச உப்பே அதுக்கு நெறைய ஆயிரும். எல்லா மனுசருக்கும் அப்பிடித்தான். நாக்கு மாறுற வரைக்கும் ஏமாத்தி வச்சிருக்கத்தான் அந்தப் பல்லு. இப்ப உங்கள யாரும் ஏமாத்தல. உங்க நாக்கே அதுதான்."

பிடுங்கி எறிய ஏதோ ஒன்று இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அவர் அவ்வளவு தூரம் வந்திருந்தார். அதுவும் இல்லையென்று ஆகிவிட்டது. முக்காலியில் உட்கார்ந்து கேட்டார்.

"பழைய நாக்கு வராதா?"

"வரும். உப்ப முன்ன மாதிரி சாப்பிட ஆரம்பிச்சா அதே ரெண்டு மூணு மாசத்துல வந்துரும். அதோட பிரஷரும் வந்துரும். உங்களுக்கு மிச்சமிருக்குற கிட்னி அதத் தாங்காதுண்ணே. மூளைக்குழாய் தாங்குமான்னும் நான் சொல்ல முடியாது. மூணு வருசமா அதெல்லாம் மேல கெடாம இருக்குன்னா அது மாத்திரையாலயும் உங்க வீட்டம்மா சமையலாலயுந்தான்."

"வெங்காயம்?"

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அடுத்த நோயாளியின் சீட்டை எடுத்தார். அந்த மனுசனை இன்னும் எவ்வளவுதான் அடிப்பது?

வெளியே வரும்போதே ஆண்டியப்பன் முடிவு செய்துவிட்டார். செத்தாலும் சமையல்காரனாய்ச் சாவது. மூன்று மாசம் உப்புத் தின்றால் நாக்கு வரும் என்றால் இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் கையால் சமைக்கிற மெஸ் ஒன்று உண்டு. நல்ல கை, முன்பு அவரே பாராட்டிய கை. போய் உட்கார்ந்து சாப்பாடு சொன்னார். காலையிலிருந்து ருசி பார்த்ததைத் தவிர ஒன்றும் சாப்பிடாத பசி வேறு.

சாம்பாரைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். கடல் தண்ணியை வாயில் அள்ளி ஊற்றியதுபோல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். ரசம் தொண்டையைக் கீறியது. பொரியலைத் தொட்டார், ஊறுகாயா பொரியலா என்று தெரியவில்லை. இரண்டாம் வாய் உள்ளே போக மறுத்துக் குமட்டிக்கொண்டு வந்தது. பரிமாறுகிறவனைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, உப்ப அள்ளிக் கொட்டிருக்கீங்க?"

"அப்பிடியாண்ணே? வேற யாரும் சொல்லலையே."

பக்கத்து இலைக்காரர் மோரில் இன்னும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கிக் குடித்து ஏப்பம் விட்டார். ஆண்டியப்பன் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் ரசித்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரே ருசி என்று சொல்வது அவருக்கு வாயில் வைக்க முடியவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தார். வெளியே வந்து ஒரு வடை வாங்கிப் பார்த்தார், அதையும் துப்பினார். நாளைக்கும் மறுநாளுக்கும் இதையே தின்று பழக வேண்டும் என்று நினைத்ததும் மிச்ச வடையையும் தூக்கி எறிந்தார். கடைத்தெரு முழுக்க எண்ணெய்ச் சட்டி கொதிக்கிறது, அதில் அவர் வாய்க்கு ஆகிறது ஒன்றுமில்லை. அவமானத்தைவிட, சொல்லப்போனால், பசிதான் அவரை நடக்க வைத்தது.

வீட்டுக்கு வந்தபோது பொன்னழகு விளக்குப் போட்டுவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் சாப்பிட்டிருக்கவில்லை. அவர் மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் தட்டை வைத்துச் சோறும் முருங்கைக்காய்ச் சாம்பாரும் போட்டாள்.

முதல் வாய் உள்ளே போனது. புளியும் பருப்பும் காயும் அதனதன் இடத்தில் நின்றன. உப்பு இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்த உலகத்தில் தன் நாக்குக்கு ஏற்ற சோறு இந்த ஒரு தட்டில்தான் இருக்கிறது, வேறு எந்த வாசலுக்கும் போக முடியாதபடி இவள் தன்னை ஆக்கி வைத்துவிட்டாள் என்று தெரிந்ததும் ஆண்டியப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே இரண்டாம் வாயையும் தின்றார்.

"எனக்குப் பல்லு இருந்துச்சு" என்றார். "உனக்கு இந்தச் சோறு எப்பிடிடி எறங்குச்சு?"

"மொதல்ல எறங்கல. தண்ணியக் குடிச்சுக் குடிச்சு முழுங்குனேன். தனியா உப்புப் போட்டுத் தின்னா உங்களுக்குத் தெரிஞ்சு போகும்ல. அப்பறம் பழகிருச்சு."

அவர் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"சேவுகன் வந்தா கரண்டிய வாங்கிக்கச் சொல்லு. இனி அவன் பேர்ல நடக்கட்டும். சங்கத்துல நானே எழுந்து சொல்லிட்டு வந்துர்றேன்."

"சரிங்க."

"ஒன்னைய நான் மன்னிக்கல. அத மனசுல வச்சுக்க. சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்."

"வேணாங்க" என்றாள் பொன்னழகு. "ரசம் ஊத்தவா?"

ஆண்டியப்பன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.